மலேசிய ஊழியர் சேமநிதி வாரியத்தாருக்கு: எங்கள் கணக்கு வீட்டுச் சாவியிலிருந்து தொடங்குகிறது

மதிப்பிற்குரிய வாரியத் தலைவருக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

ஆண்டுதோறும் பிப்ரவரி முடிவிலோ மார்ச் தொடக்கத்திலோ எங்கள் சேமிப்புக்கான லாப ஈவை நீங்கள் அறிவிக்கிறீர்கள். அன்றைக்குச் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில் அரசியல் பேச்சுகூடச் சற்று ஓய்ந்துவிடும். 2024ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு என்று வந்தபோது பலருக்கு மகிழ்ச்சி. 2017இல் 6.90 கொடுத்தீர்கள், அதற்குப் பிறகு இவ்வளவு உயர்ந்த விகிதம் வந்ததில்லை. கொவிட் ஆண்டான 2020இல்கூட 5.20 விழுக்காடு தந்தீர்கள். வங்கியில் நிரந்தர வைப்புக்கு இரண்டு விழுக்காடு கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. ஆகவே உங்கள் முதலீட்டுத் திறமையைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் வழக்கு வேறு.

ஓய்வுக்காலத்துக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்பதிலிருந்து நீங்கள் கணக்கைத் தொடங்குகிறீர்கள். தோட்டத் தொழிலாளியின் கணக்கு, வேலை முடிகிற நாளில் லயத்து வீட்டுச் சாவியை, அதாவது தோட்டம் குடியிருக்கக் கொடுத்த வரிசை வீட்டின் சாவியை, ஆபீசில் ஒப்படைப்பதிலிருந்து தொடங்குகிறது. இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. நீங்கள் விலைவாசி பற்றியும் வட்டி விகிதம் பற்றியும் நீண்டகாலச் சேமிப்பு பற்றியும் சொல்லும் நல்ல புத்திமதிகள் எல்லாம் எங்கள் ஊரில் காற்றோடு போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நான் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டை எழுதிய கை என்பதால் இன்றும் ஆட்கள் காகிதத்தோடு வீட்டுக்கு வருகிறார்கள். இப்போது காகிதத்துக்குப் பதில் கைப்பேசியை நீட்டுகிறார்கள். அண்மையில் ஒரு தம்பதியர் வந்தார்கள். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். மனைவி உதிரிப் பழம் பொறுக்குகிறவர். இருவருக்கும் 55 நெருங்குகிறது. அந்த அம்மாள் தம் கணக்கறிக்கையை நான்காக மடித்து, மருந்துச் சீட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் பையிலேயே வைத்திருந்தார். லாப ஈவு வரியை நான் விரலால் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. “இரண்டு பேருடையதையும் சேர்த்து எடுத்தால் ஒரு வீட்டுக்கு ஆகுமா, கிராணி ஐயா?” என்றார். அவர் கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

ஆகாது. ஏன் ஆகாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தோட்டத்தில் வீடு இலவசம் என்று வெளியில் சொல்வார்கள். வீடு இருக்கிறதே என்று சொல்லித்தான் சம்பளத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குறைத்து வைத்தார்கள். ஆக, அந்த வீடும் கூலியின் ஒரு பகுதிதான். ஆனால் மாதந்தோறும் தொழிலாளியும் முதலாளியும் உங்களிடம் கட்டும் சந்தா, உங்கள் சட்டப்படி, பணமாகக் கொடுக்கும் ஊதியத்துக்கு மட்டும்தான். கூரையாகக் கொடுத்த கூலிக்குச் சந்தா கிடையாது. நகரத்துத் தொழிலாளி வாடகைக்குச் செலவழிக்கும் பணத்துக்கும் சேர்த்து அவருடைய முதலாளி 13 விழுக்காடு கட்டுகிறார். எங்கள் ஆளின் வாடகைக்கு யாரும் எதுவும் கட்டியதில்லை. முப்பது ஆண்டு உழைத்தவர் கணக்கில் தொகை ஏன் இவ்வளவு சிறுத்திருக்கிறது என்று உங்கள் அதிகாரிகள் வியப்பதுண்டு. குறைந்தபட்சச் சம்பளம் என்பதே நாட்டில் 2013இல்தான் வந்தது. தீபகற்ப மலேசியாவில் அது 900 ரிங்கிட். அதற்கு முந்திய நாள் கூலிக் காலத்தில் மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சந்தாவும் இல்லை. கூட்டு வட்டி வேலை செய்ய வேண்டிய இளமைக் காலத்தில் போட்ட விதையே இவ்வளவுதான்.

அடிப்படைச் சேமிப்பு என்று நீங்கள் முன்பு வைத்திருந்த இலக்கு, 55 வயதில் 240,000 ரிங்கிட். இருபது ஆண்டுக்கு மாதம் ஆயிரம் என்று பிரித்துக் காட்டினீர்கள். 2026 ஜனவரியிலிருந்து புதிய அளவுகோல் வந்துவிட்டது: 60 வயதில் 390,000 என்பது அடிப்படை, 650,000 போதுமானது, 13 லட்சம் என்றால் வசதி. அளவுகோலை உயர்த்தியது நியாயம்தான், மறுக்கவில்லை. விலைவாசி ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறினால், இன்றைய ஆயிரம் ரிங்கிட் இருபது ஆண்டில் 550 ரிங்கிட் பொருளைத்தான் வாங்கும். பழைய இலக்கை அப்படியே வைத்திருந்தால்தான் ஏமாற்றாக இருந்திருக்கும்.

ஆனால் அந்த இலக்கை எங்கள் பக்கம் வைத்துப் பாருங்கள். இன்று தோட்டத்தில் சேரும் முப்பது வயது இளைஞனுக்கு 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம். அவனுடைய 11 விழுக்காடு, முதலாளியின் 13 விழுக்காடு, ஆக மாதம் 408 ரிங்கிட் சேருகிறது. சம்பளம் உயராமலே இருந்து, ஆண்டுக்கு 5.5 விழுக்காடு லாப ஈவு கிடைத்து, ஒரு சென்னும் எடுக்காமல் இருந்தால் 60 வயதில் ஏறக்குறைய 355,000. உங்கள் அடிப்படைக் கோட்டையே அது தொடவில்லை. அந்த முப்பது ஆண்டில் விலைவாசி ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு ஏறினால், அந்தத் தொகை இன்றைய மதிப்பில் 170,000க்கும் சற்றுக் கீழே நிற்கும். சம்பளம் உயரும், உண்மைதான். 390,000 என்ற கோடும் அதோடு சேர்ந்து உயரும். 2024 மே மாதம் முதல் சந்தாவை ஓய்வுக்காலத்துக்கு 75 விழுக்காடு, வீடு போன்ற தேவைகளுக்கு 15, எப்போது வேண்டுமானாலும் எடுக்க 10 என்று மூன்று கணக்காகப் பிரித்துப் போடுகிறீர்கள். அந்த 15ஐயும் 10ஐயும் வழியிலேயே எடுத்துவிட்டால், மேலே சொன்ன 355,000 முக்கால் பங்காகி 266,000 ஆகிவிடும். அந்தப் பணத்திலிருந்துதான் வீடும் வர வேண்டும், சோறும் வர வேண்டும்.

சோற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2022இல் நாட்டின் பணவீக்கம் 3.3 விழுக்காடு; நீங்கள் 5.35 கொடுத்தீர்கள். காகிதத்தில் இரண்டு விழுக்காடு மிச்சம். ஆனால் அதே ஆண்டில் உணவுப் பொருள்களின் விலை மட்டும் 5.8 விழுக்காடு ஏறியது. பென்ஷன் இல்லாத கிழவியின் செலவில் கார் ஏது, கைப்பேசித் தவணை ஏது, வெளிநாட்டுப் பயணம் ஏது? அரிசி, பருப்பு, மீன், பஸ் காசு, மருந்து. அவ்வளவுதான். உணவை வைத்து அளந்தால் அந்த ஆண்டு உங்கள் லாப ஈவு விலைவாசியிடம் தோற்றுவிட்டது.

2023இல் நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. செப்டம்பர் முதல் நாள் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ஆனது. பத்துக் கிலோ 26 ரிங்கிட் என்று அரசாங்கம் விலை கட்டி வைத்திருந்த உள்ளூர் அரிசி கடைகளிலிருந்து மாயமாகிவிட்டது. எங்கள் வீடுகளில் கொதிப்பது பொன்னிப் புழுங்கல் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியும் நின்றது. புதுடில்லியில் ஒரு கையெழுத்து விழுந்தால் எங்கள் மளிகைக் கடைப் பற்றுப் புத்தகத்தில் அது தெரியும். ரிங்கிட் மதிப்பு விழுந்தாலும் அப்படித்தான். 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு 4.80 வரை போனபோது பருப்பு விலை எங்கே நின்றது என்று கேளுங்கள். ரிங்கிட் விழுந்தால் உங்கள் வெளிநாட்டு முதலீட்டு வருமானம் ரிங்கிட்டில் பார்க்கப் பெருத்துத் தெரியும் என்பதையும் நான் அறிவேன். கணக்கில் பெரிய தொகை வைத்திருப்பவருக்கு அது ஈடுகட்டும். முப்பதாயிரம் வைத்திருப்பவர் பருப்புக்கு மட்டும் விலை கொடுப்பார்.

இப்போது வட்டிக்கு வருகிறேன். 2020 ஜூலையில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அடிப்படை வட்டி விகிதத்தை 1.75 விழுக்காட்டுக்கு இறக்கியது. பிறகு படிப்படியாக ஏற்றி 2023 மே மாதத்தில் 3.00 ஆக்கியது. 2025 ஜூலையில் மறுபடியும் 2.75. ஒவ்வொரு முறையும் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் செய்தி. கடன் வாங்கியவருக்கு மகிழ்ச்சி, வைப்பு வைத்தவருக்கு வருத்தம் என்று எழுதுவார்கள். எங்கள் ஊருக்கு இந்தக் கால் விழுக்காடு என்ன செய்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

ஒரு லட்சம் ரிங்கிட் வீட்டுக் கடன், 4.25 விழுக்காடு வட்டி. 25 வயதுக்காரர் 30 ஆண்டுத் தவணைக்கு வாங்கினால் மாதம் 492 ரிங்கிட். வங்கிகள் பெரும்பாலும் 70 வயதுக்குள் கடனை முடிக்கச் சொல்லும். ஆகவே 55 வயதுக்காரருக்கு 15 ஆண்டுதான். அவருடைய தவணை 752 ரிங்கிட். வட்டி கால் விழுக்காடு குறைந்தால் இளைஞருக்கு மாதம் 15 ரிங்கிட் மிச்சமாகிறது. வயது கடந்ததால் மட்டும் முதியவருக்கு 260 ரிங்கிட் கூடுதல். அதுவும் 60 வயதில் சம்பளம் நின்ற பிறகு பத்து ஆண்டு கட்ட வேண்டும். பேங்க் நெகாரா எத்தனை முறை கூடி விகிதத்தை இறக்கினாலும் இந்த 260ஐ ஒன்றும் செய்ய முடியாது. வீடு வாங்கும் காலத்தைத் தவறவிட்டவருக்கு வட்டி விகிதம் என்பது பிறர் வீட்டுச் செய்தி.

ஏன் தவறவிடுகிறார்கள்? லயத்து வீடு இருக்கும்வரை சொந்த வீடு அவசரமாகத் தெரிவதில்லை. இரண்டு இடத்துக்கும் செலவு செய்ய முடியாது. தாமானில் (வெளியே உள்ள குடியிருப்பில்) வீடு வாங்கினால் விடியற்காலை பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, எப்படி வருவது? சாவியைக் கொடுக்கும் நாள் வரும்போதுதான் எல்லாம் ஒரே நாளில் கழுத்தைப் பிடிக்கிறது. அப்போது 55 வயதுப் பணம் முழுவதையும் வழித்தெடுத்து, பழைய தாமானில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டுகிறார்கள். அல்லது மகன் பெயரில் வீடு வாங்க அவனிடம் கொடுத்துவிடுகிறார்கள். மருமகளோடு ஒத்துப்போனால் நல்லது; போகாவிட்டால் அந்தக் கதை வேறு.

எஞ்சியதை வைத்திருப்பவர்களும் உங்களிடம் விட்டுவைப்பதில்லை. 55க்குப் பிறகும் பணத்தை உங்களிடமே வைத்திருக்கலாம், 100 வயதுவரை லாப ஈவு கிடைக்கும், வேண்டியபோது மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம் என்பது இங்கே பலருக்குப் புதுச் செய்தி. ஐம்பதாயிரத்தை வங்கியில் 3 விழுக்காட்டுக்கு வைத்தால் ஆண்டுக்கு 1,500. உங்களிடம் 5.5 விழுக்காட்டுக்கு இருந்தால் 2,750. கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் விட்டுவைப்பார். “சர்க்காரிடம் இருக்கும் பணம் நாளைக்குச் சட்டம் மாறினால் கிடைக்குமோ கிடைக்காதோ” என்கிற அச்சம்தான் எடுக்க வைக்கிறது. வங்கி வட்டி கீழே இறங்கிய 2020, 2021 ஆண்டுகளில் அந்த அச்சத்தோடு பேராசையும் சேர்ந்துகொண்டது. கூட்டு, அதாவது சீட்டு, பிடிப்பது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எங்கள் ஊரில் அதைக் குற்றம் என்று சொன்னால் சிரிப்பார்கள். கூட்டிலாவது முகம் தெரிந்தவர் ஏமாற்றுவார். வாட்ஸ்அப் குழுவில் மாதம் 10 விழுக்காடு தருகிறேன் என்றவனுக்கு முகமே கிடையாது.

கொவிட் காலத்தில் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க அனுமதித்த சிறப்பு மீட்புகளைப் பற்றியும் ஒரு சொல். நாடு முழுவதும் 145 பில்லியன் ரிங்கிட் வெளியேறியது. 2021இல் எடுத்த பத்தாயிரம், இருபது ஆண்டு உள்ளே இருந்திருந்தால் 29,000 ஆகியிருக்கும் என்று கூட்டங்களில் சொல்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் அந்த மாதங்களில் வெளிவேலை நின்றுபோய், வீட்டில் மூன்று பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் இதைச் சொல்வது அழகல்ல. எடுத்தவர்களை இனியும் கடிந்துகொள்ள வேண்டாம்.

2025 ஜூலையில் தாக்கலான 13ஆவது மலேசியத் திட்டத்தில், புதிய சந்தாதாரர்களின் சேமிப்பில் ஒரு பகுதியை ஓய்வுக்காலத்தில் மாதாமாதம் தரும் யோசனை இருந்தது. மாத வருமானம் நல்லது என்றே நான் கருதுகிறேன். மொத்தமாகக் கையில் வரும் பணத்துக்கு எத்தனை பங்காளிகள் முளைப்பார்கள் என்பதை இந்த ஊரில் பார்த்துவிட்டேன். ஆனால் வீடில்லாதவரிடம் மாதம் இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தால், அது அப்படியே வீட்டுக்காரர் கைக்கு வாடகையாகப் போகும். வாடகையோ விலைவாசியோடு சேர்ந்து ஏறும். முதலில் வீடு, பிறகு மாத வருமானம். இந்த வரிசை மாறினால் நல்ல திட்டமும் எங்களுக்குக் கெட்ட திட்டம்.

வீடு முடியாத காரியம் அல்ல. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் மக்கள் தெருவுக்கு வந்தபோது, இந்த ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி (அன்றைய நாணயம்) போட்ட தொழிலாளர்களின் பணத்தில் முதலில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கினார்கள். அன்றைய கூலியில் அது முடிந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டு பட்ஜெட்டில் தோட்டத் தொழிலாளர் வீடு வாங்க, தேசிய சேமிப்பு வங்கியான பேங்க் சிம்பானான் நேஷனல் வழியாக 4 விழுக்காடு வட்டியில் 60,000 ரிங்கிட் வரை கடன், இரண்டாம் தலைமுறை வரை 40 ஆண்டு தவணை என்று ஒரு நிதியும் அறிவிக்கப்பட்டது. சரியான யோசனை. அது என் மேசைக்கு வந்தவர்கள் யார் கையிலும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. கட்டிய வீடு அருகில் இல்லாமல் கடன் மட்டும் இருந்து என்ன பயன்?

நீங்கள் வீடு கட்டும் நிறுவனம் அல்ல, அறிவேன். உங்களால் முடிந்ததை மட்டும் கேட்கிறேன். தோட்ட வீட்டுக்கு நியாயமான ஒரு வாடகை மதிப்பை வைத்து, அதற்கும் முதலாளி சந்தா கட்ட வேண்டும் என்று சட்டத்தைத் திருத்த நிதி அமைச்சுக்குப் பரிந்துரையுங்கள். வாடகை மதிப்பு 300 ரிங்கிட் என்றால் 13 விழுக்காடு 39 ரிங்கிட்தான். முப்பது ஆண்டில் 5.5 விழுக்காட்டில் அது ஏறக்குறைய 34,000 ஆகும். ஒரு மலிவு வீட்டின் முன்பணம் கண்ணுக்குத் தெரியும் தொகை அது. அதைப் பதினைந்து விழுக்காட்டுக் கணக்கில் சேர்த்து, வீட்டுக்கு மட்டும் என்று பூட்டி வையுங்கள். தொழிலாளர் யாரும் கோபிக்க மாட்டார்கள். தோட்ட முதலாளிகள் சங்கம் கோபிக்கும். செம்பனை எண்ணெய் விலை ஏறும் ஆண்டுகளில் அவர்களோடு பேசுங்கள்.

தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர்களும் இதைப் படித்தால், அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சில் போனஸுக்கு முன்னால் இதை வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, உங்கள் அளவுகோல் பட்டியலில் வீடு இல்லாதவருக்கு என்று தனியாக ஒரு வரி சேருங்கள். 390,000 என்பது யாருக்கு, சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறவருக்கு எவ்வளவு என்று வெளிப்படையாகப் போடுங்கள். தோட்டத்தை விட்டு வந்து புல் வெட்டுகிறவர்களும் நாசி லெமாக் விற்கிறவர்களும் தாமாகவே சந்தா கட்டினால் அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை சேர்த்துத் தருகிறது என்பதையும் அதோடு சொல்லிவிடலாம், தெரிந்தவர் குறைவு.

இவற்றை 54 வயதில் வந்து சொல்லாதீர்கள். 25 வயதிலும் 35 வயதிலும் இருப்பவர்களிடம் சொல்லுங்கள், தவணை 492ஆக இருக்கும்போதே. ஈப்போ அலுவலகத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள், ஒரு நாள் சம்பளம் போய்விடும். நீங்கள்தான் எல்பில், ஹேவுட், டோவன்பி என்று ஒவ்வொரு தோட்டமாக வர வேண்டும். தமிழ் பேசும் அதிகாரியை அனுப்புங்கள், கணக்கு அட்டவணையைத் தமிழில் அச்சடித்துக் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கோவில் மண்டபத்தில் என்றால் கூட்டம் சேர்வதை நான் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் போட்ட வாரத்து ஞாயிறு மட்டும் வேண்டாம். அன்று எல்லாரும் பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர்
சுங்கை சிப்புட், பேரா